கொல்லையில் ஒரு கொல்லுலை

சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் எதிர் இலையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், "சார், உங்கள் வீட்டுப் பின்புறம் சாயங்காலமானால் டங் டங் என்று கேட்கிறதே, என்ன கட்டுகிறீர்கள்?" என்றார். கட்டவில்லை, இரும்பு அடிக்கிறேன் என்றேன். வரிசையில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் கை கழுவும் இடத்தில் தனியாக வந்து, "நாங்களும் செய்யலாமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். உலோகவியல் நிபுணன் அல்லன். 1980-இல் ரயில்வேயில் அப்ரெண்டிஸ் மெக்கானிக்காகச் சேர்ந்து, கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்து, 2019-இல் ஓய்வு பெற்றேன். இடையில் சில ஆண்டுகள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங் ஷாப்பைப் பார்த்துக்கொண்டேன். வேகன்களின் அடியில் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும் ஸ்பிரிங்குகளைப் பிரித்து, உடைந்த பட்டையை மாற்றி, சூடாக்கி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி சூடாக்கிப் பதம் ஏற்றும் இடம் அது. அங்கே ஃபர்னஸில் பைரோமீட்டர் உண்டு. முள் எங்கே நிற்க வேண்டும் என்று சுவரில் சார்ட் உண்டு. நான் சார்ட்டில் கையெழுத்துப் போட்டவன். இரும்பின் நிறத்தை ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதற்கு விலையாக இன்னொருவர் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

போபாலில் என் வீட்டுக் கொல்லை பன்னிரண்டடிக்குப் பத்தடி. ஒரு ஓரத்தில் கறிவேப்பிலை மரமும் துணி காயப் போடும் கொடியும் வீட்டு அம்மாளின் ஆட்சிக்கு உட்பட்டவை. மீதி என்னுடையது. நாலு ஆங்கிள் கால்கள், மேலே ஒரு தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. சுவர் வைக்கக் கூடாது. கரி எரியும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிராக இருக்கிறதே என்று டிசம்பரில் படுதா கட்டி மூட நினைப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடுவது நல்லது.

உலைக்குப் பழைய லாரி பிரேக் டிரம் ஒன்று போதும். எனக்கு அது பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைத்தது. அடியில் ஒன்றரை அங்குலக் கறுப்புக் குழாய், அதன் மறு முனையில் கையால் சுற்றும் புளோயர். மோட்டார் வைத்த புளோயரும் கிடைக்கும். ஆனால் புதிதாகக் கற்பவர் கையால் சுற்றுவதே நல்லது. கை நின்றால் காற்றும் நிற்கும். நீங்கள் வேறு பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருக்கும்போது இரும்பு எரிந்து போகாது.

முதலில் நிலக்கரிதான் போட்டேன். ரயில்வேக்காரனுக்கு அதன் வாசனை பிடிக்கும். அப்ரெண்டிஸாக இருந்தபோது ஷெட்டில் நீராவி எஞ்சின்களின் பக்கத்தில் நின்று பழகிய மூக்கு. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டாம் நாளே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. "பாய் சாஹப், இது என்ன புகை?" என்று மட்டும் கேட்டார். 1984 டிசம்பரில் இந்த ஊரில் இருந்தவர் அவர். அப்படிப்பட்டவருக்குப் புகையைப் பற்றி விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றோடு மரக்கரிக்கு மாறிவிட்டேன். மரக்கரியில் புகை குறைவு, கந்தகமும் இல்லை. ஆனால் வேகமாகத் தீரும், பொறி பறக்கும். கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, குறைந்தது அரை அடி ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். இரும்பை அந்த ஆழத்தின் நடுவில் வைக்க வேண்டும். காற்று வரும் துளைக்கு நேர் மேலே வைத்தால் சூடாவதற்கு முன்பே செதில் செதிலாகத் துருவேறும். எரியாமல் வரும் காற்று இரும்பைத் தின்னும்.

பட்டடைக்கு ரயில் துண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை. தண்டவாளத் துண்டு, கிளிப், போல்ட் எதுவானாலும் ரயில்வே சொத்து என்றால், கையில் வைத்திருப்பதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. நாற்பது வருஷம் சர்வீஸ் போட்டவன் அந்தச் சட்டத்தில் மாட்டினால் பென்ஷன் வாங்கும் கையைப் பார்த்து ஊர் சிரிக்கும். நான் வாங்கியது ஒரு தொழிற்சாலை தன் சொந்த சைடிங்கைப் பெயர்த்து விற்ற துண்டு. ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆங்கிள் காலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டு அம்மாள் அதற்கும் வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறாள்.

மீட்டருக்கு 52 கிலோ உள்ள ரயில் அது. இரண்டடித் துண்டு ஏறக்குறைய 32 கிலோ. முதலில் எல்லோரையும் போலப் படுக்க வைத்துத்தான் அடித்தேன். கோயில் மணி போலச் சத்தம் எழுந்தது, சுத்தியல் துள்ளியது, இரும்போ நகரவில்லை. காரணம் சுலபம். படுத்த ரயிலில் அடி விழும் இடத்துக்குக் கீழே மெல்லிய இடுப்புத் தகடுதான் இருக்கிறது. அதை நிமிர்த்திச் செங்குத்தாக நட்டேன். இப்போது ஒவ்வோர் அடிக்கும் கீழே இரண்டடி நீள எஃகும் தாங்கி நிற்கிறது. அடிக்கும் முகம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஆனால் சுத்தியல் முகம் அதைவிடச் சிறியதுதானே? சத்தமும் பாதியாகக் குறைந்தது.

இனி இரும்பு. கடையில் விற்கும் கட்டிடக் கம்பி, ஆங்கிள், பட்டை எல்லாம் பெரும்பாலும் மைல்ட் ஸ்டீல். அதில் கரிச் சத்து நூற்றில் கால் பங்குக்கும் குறைவு. அடித்து வளைத்துக் கொக்கி, கீல், அடுப்புக் குறடு செய்யலாம். தோய்த்தால் கடினமாகாது. வெட்டும் கருவி செய்ய வேண்டுமானால் லாரி ஸ்பிரிங் பட்டை நல்லது. அதில் கரி நூற்றில் அரை பங்குக்கு மேல் இருக்கும். தெரியாத துண்டைக் கிரைண்டிங் சக்கரத்தில் பிடித்துப் பாருங்கள். மைல்ட் ஸ்டீலின் பொறி நீளக் கோடாகப் பறக்கும். கரி கூடிய எஃகின் பொறி அருகிலேயே மத்தாப்பாகப் பூத்துச் சிதறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இவ்வளவும் கைக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. 2021-இல் வீட்டுக் குளியலறையில் குழாய் மாற்றும் வேலை நடந்தது. கொத்தனாரிடம் இருந்த உளி மழுங்கிப் போயிருந்தது. "நான் செய்து தருகிறேன்" என்று லாரி ஸ்பிரிங்கிலிருந்து ஒன்று அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடி மேல் இழுத்தது போல வழுக்கியது. அதை மறுபடி இளஞ்சூட்டில் காட்டிப் பதம் இறக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஸ்பிரிங் ஷாப் பார்த்தவன். காட்டவும் செய்தேன். ஆனால் எண்ணெய்க் கரி பிடித்த பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யவில்லை. அந்த எண்ணெய்ப் படலமே சூட்டில் பழுப்பாகி நீலமாக மினுங்கியது. ஆயிற்று என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பத்து அடி போட்டிருப்பார். முனை தெறித்தது. அரிசி அளவு சில்லு, அவருடைய வலது புருவத்தைக் கிழித்தது. அரை அங்குலம் கீழே வந்திருந்தால் கண். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் நாலு தையல் போட்டோம். வழியில் அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "பாபுஜி, கடையில் வாங்குகிற உளி மழுங்கும், தெறிக்காது" என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஒரு வாரக் கூலி கொடுத்தேன். அது அந்த வாக்கியத்துக்குச் சரியான விலை அல்ல. மூன்று வாரம் உலையில் தீ வைக்கவில்லை.

பிறகு உடைந்த உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு, கோவிந்தபுரா போகும் சாலையோரம் வண்டி போட்டிருந்த காடியா லோஹார் குடும்பத்திடம் போனேன். வடக்கே வெகு காலம் இருப்பவர்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். பித்தளை ஆணிகள் பதித்த மாட்டு வண்டிதான் அவர்களுக்கு வீடு. 1568-இல் சித்தோர்கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, கோட்டை மீளும் வரை கூரையின் கீழ் தங்குவதில்லை என்று சபதம் செய்து வெளியேறியதாக அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். 1955 ஏப்ரலில் நேருஜியே முன்னின்று அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். ஆயினும் பல குடும்பங்கள் இன்னும் சாலையோரத்தில்தான் இருக்கின்றன. அவர்களில் பெண்கள்தான் பெரும்பாலும் சம்மட்டி அடிப்பார்கள். ஆண் உட்கார்ந்து குறடு பிடித்துத் திருப்பிக் கொடுக்க, மனைவி நின்றுகொண்டு ஓங்கி அடிப்பாள்.

அந்தக் குடும்பத்தில் என் வயதுள்ள ஓர் அம்மாள் இருந்தார். உளியை வாங்கினார். முனையின் கூர்மையைப் பார்க்கவில்லை. உடைந்த வாயைத்தான் வெயிலில் திருப்பிப் பார்த்தார். "ஜல் கயா" என்றார். எரிந்து போயிற்று. பிறகு தம்முடைய உடைந்த வாய்ச்சி ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். என் உளியின் உடைவாய் சீனிக் கட்டியை உடைத்தது போலப் பருமணியாக மினுங்கியது. அவருடையது பீங்கான் கோப்பை உடைந்தது போலச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. நான் ஒரு தவறு செய்தேன் என்று நினைத்துப் போனேன், செய்தது இரண்டு. பதம் இறக்கவில்லை என்பது இரண்டாவது. அதற்கு முன்பே, தோய்ப்பதற்காகக் காய்ச்சியபோது அளவுக்கு மேல் காய்ச்சிவிட்டேன்.

இதைப் புத்தகத்தின் மொழியில் சொன்னால்: இரும்பு சுமார் 730 டிகிரியைத் தாண்டும்போது அதன் உள் அடுக்கு மாறுகிறது. மாறிய அடுக்கில் கரி அணுக்கள் நுழைந்து உலவ இடம் இருக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் பழைய அடுக்குத் திரும்பும். அதில் கரிக்கு இடமில்லை. கரி இறங்கித் தனியாக ஒதுங்கிவிடும். நம் பாஷையில் சொன்னால், பெரிய பெட்டியில் வந்த கூட்டம் ஜங்ஷனில் இறங்கிச் சின்னப் பெட்டி வண்டிக்கு மாற வேண்டும். நேரம் கொடுத்தால் இடமில்லாதவர்கள் பிளாட்பாரத்தில் நின்றுவிடுவார்கள். தோய்ப்பது என்பது இறங்கவே விடாமல் பெட்டியைச் சட்டென்று சுருக்கிவிடுவது. உள்ளே நெருக்கம், யாரும் அசைய முடியாது. அந்த நெருக்கம்தான் கடினம். அதே நெருக்கத்தால்தான் ஒரு தட்டு தட்டினால் விரிசல் விடுகிறது. மறுபடி இளஞ்சூடு காட்டினால் சிலர் இறங்குவார்கள். நெருக்கம் கொஞ்சம் குறையும், கடினமும் கொஞ்சம் குறையும், உறுதி வரும். இதுதான் பதம். அளவுக்கு மேல் காய்ச்சினால் மணிகள் ஒன்றை ஒன்று விழுங்கிப் பெருக்கும். பருமணி எஃகு எவ்வளவு பதம் இறக்கினாலும் நம்பத் தக்கதல்ல.

எவ்வளவு காய்ச்ச வேண்டும்? அந்த அம்மாளுக்குக் கண் போதும். எனக்குப் போதாது. ஆகவே பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கம்பியில் கட்டி உலைக்கு அருகில் தொங்கவிட்டேன். 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது. கரியிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டுங்கள். ஒட்டுவது எப்போது நிற்கிறதோ அந்த நிறத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பட்டைக்கு அதற்கு மேல் இன்னும் ஒரு சாயல், ஏறக்குறைய 830 முதல் 850 டிகிரி. அதற்கு மேல் வேண்டாம். ஆரஞ்சு நிறம் தோய்ப்பதற்கு அல்ல, அடிப்பதற்கு. மஞ்சளும் அடிப்பதற்கே. வெள்ளையாகிப் பொறி பறந்தால் எரிகிறது. வெட்டி எறிய வேண்டியதுதான்.

இந்த நிறங்களை வெயிலில் பார்க்கக் கூடாது. இருட்டில் பளிச்சென்று சிவந்து தெரியும் இரும்பு நடுப்பகலில் கறுப்பாகவே தெரியும். நான் உளியைத் தோய்த்தது மதியம் இரண்டு மணிக்கு. சிவப்பு தெரியவில்லையே என்று ஊதிக்கொண்டே இருந்தேன். லோஹார் அம்மாள் தார்ப்பாயின் நிழலை விட்டு வெளியே ஒரு நாளும் தோய்ப்பதில்லை. நானும் இப்போது சாயங்காலம் ஐந்துக்குமேல்தான்.

கண்ணைப் பழக்க அவர் சொன்ன பயிற்சியை அன்பர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரே ஸ்பிரிங் பட்டையிலிருந்து விரல் அளவில் மூன்று துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சின்ன வெட்டுப் போடுங்கள். ஒன்றைக் காந்தம் விடுவதற்கு முன்பே தோயுங்கள். ஒன்றைக் காந்தம் விட்டு ஒரு சாயல் ஏறியதும் தோயுங்கள். மூன்றாவதை ஆரஞ்சு வரை கொண்டுபோய்த் தோயுங்கள். ஆறியபின் கண்ணாடி அணிந்து, துணி போர்த்தி, வைஸில் வைத்து உடைத்துப் பாருங்கள். முதலாவது வளையும். இரண்டாவது உடைந்து பீங்கான் போலக் காட்டும். மூன்றாவது சீனி போல மினுங்கும். முப்பது பக்கம் படிப்பதைவிட இந்த மூன்று துண்டு அதிகம் சொல்லும். என்னுடைய மூன்றையும் ஜன்னல் கட்டையில் இன்னும் வைத்திருக்கிறேன்.

தோய்ப்பது எண்ணெயில். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் போட்டால் பல சமயம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது விரிசல். ஹிந்தியில் கருவிக்குப் பதம் ஏற்றுவதைப் 'பானி சடானா', தண்ணீர் ஏற்றுவது, என்கிறார்கள். பெயரைக் கேட்டு வாளியைத் தேட வேண்டாம். இரும்புப் பாத்திரத்தில் ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய், பக்கத்தில் அதை மூடும் தகர மூடி, ஒரு வாளி மணல். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியை வையுங்கள். தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் வாளி என்ற பேச்சே வேண்டாம்.

உளிக்கு முறை இது. முனையிலிருந்து இரண்டு அங்குலம் வரை காய்ச்சி, முனையில் ஓர் அங்குலம் மட்டும் எண்ணெயில் விட்டு, கோடு விழாமல் இருக்க மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே தோயுங்கள். எடுத்த உடனே துணியால் எண்ணெயைத் துடைத்து, உடைந்த கிரைண்டிங் கல்லால் ஒரு முகத்தைப் பளபளவென்று தேயுங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். மேலே தண்டில் மிச்சம் இருக்கும் சூடு மெல்ல முனைக்கு இறங்கி வரும். பளபளப்பில் அதன் நிறங்கள் ஓடி வருவதைப் பார்க்கலாம். முதலில் வெளிர் வைக்கோல், சுமார் 220 டிகிரி. பிறகு அடர்ந்த வைக்கோல், பழுப்பு, 280-க்கு அருகில் கத்தரிப்பூ, 300-இல் நீலம். மழை பெய்த சாலையில் எண்ணெய் சிந்தினால் வண்ணம் தெரிகிறதே, அதே காரணம்தான். மிக மெல்லிய துருப் படலத்தின் கனம் கூடக் கூட நிறம் மாறுகிறது. சவரக் கத்திக்கு வைக்கோல் நிறம் போதும். அடி வாங்கும் உளிக்கு அது எமன். கத்தரிப்பூ தாண்டி நீலம் முனையைத் தொடும்போது எண்ணெயில் விட்டு நிறுத்துங்கள். நீலம் தாண்டிச் சாம்பல் நிறமாகிவிட்டால் வருந்த வேண்டாம், மறுபடி முதலிலிருந்து செய்யலாம். மழுங்கும் உளியால் யாருக்கும் தையல் போட நேராது.

தலைப் பக்கத்தைத் தோய்க்கவே கூடாது. அது மெதுவாக இருக்க வேண்டும். அடிபட்டு அடிபட்டுக் காளான் போல விரியும். விரிந்த ஓரத்தை அவ்வப்போது அரைத்து எடுக்க வேண்டும். அந்த ஓரமும் தெறிக்கக் கூடியதே.

மற்ற எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தி உடை, மூடிய தோல் செருப்பு, கண்ணாடி. பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். காய்ச்சிய இரும்பைச் சிமெண்டுத் தரையில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிச் சிமெண்டு சில்லு சில்லாகத் தெறிக்கும். மூடிய குழாய், ஷாக் அப்சார்பர் எதையும் தீயில் வைக்காதீர்கள். நாகம் பூசிய ஜி.ஐ. குழாயை உலையருகே கொண்டுவராதீர்கள். நாகம் 907 டிகிரியில் கொதிக்கும். அந்தப் புகை குளிர்காய்ச்சல் தரும். ஆரம்பத்தில் நான் காற்றுக் குழாய்க்கு ஜி.ஐ. வைத்து, அன்றிரவு பற்கள் கிட்டிக்க நடுங்கினேன். மலேரியா என்று ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் தானே இறங்கிற்று. ரத்தத்தில் கொசுவின் குற்றம் ஒன்றும் இல்லை.

கொத்தனாருக்கு வேறு உளி செய்தேன். ஆனால் உடனே கொடுக்கவில்லை. கண்ணாடி அணிந்துகொண்டு, பழைய சிலாப் ஒன்றில் நானே இருநூறு அடி அடித்தேன். முனை கொஞ்சம் மழுங்கியது, தெறிக்கவில்லை. கூர் தீட்டி எடுத்துக்கொண்டு அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அவர் அதைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னை நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் அடியைப் போட்டார். இரண்டாவது அடிக்கும் முகம் திரும்பியே இருந்தது. எத்தனையாவது அடியில் முகம் நேரே வந்தது என்று நான் எண்ணவில்லை.

போன மாதம் அந்த உளியைக் கொண்டுவந்தார். தலை பூத்துவிட்டதாம். அரைத்துக் கொடுத்தேன். கூலி எவ்வளவு என்று கேட்டார். டீ போட்டுக் குடித்தோம். புருவத்துத் தழும்பு அப்படியே இருக்கிறது.